முகத்தின் மேல் இரண்டு கோடுகள்

அடையாள அட்டையைப் போட்டோஸ்டேட் எடுத்தால் அதன் மேல் இரண்டு கோடு போட வேண்டும். சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக. நடுவில் மலாயில் 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதியும் போட வேண்டும். கோடுகள் அட்டைக்கு வெளியே வெற்றுத்தாளிலும் கொஞ்சம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி எடுத்து வேறெதற்காவது பயன்படுத்திவிடுவார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் இந்த நாட்டில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சிகாமட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் பதிவு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நான் அதிகம் சொல்லும் வார்த்தை 'ஐசி', அதாவது அடையாள அட்டை. காய்ச்சலோடு வருகிறவர், கர்ப்பிணி, கையில் முள் குத்திய தோட்டக்காரர், எல்லாரும் முதலில் அட்டையைத்தான் நீட்டுவார்கள். பன்னிரண்டு எண்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். ஜொகூர் என்றால் பூஜ்யம் ஒன்று. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் வயதும் ஊரும் எனக்குத் தெரிந்துவிடும். அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நிறுவனங்களின் மருத்துவப் படிவங்களுக்காக அட்டையின் நகலோடு வருகிறவர்களை நானே நிறுத்திக் கோடு போடச் சொல்வேன். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் சிரித்தார்.

"என்னக்கா, என் மூஞ்சிய வச்சு யாரு என்ன பண்ணப் போறா? என் பொண்டாட்டிக்கே வேணாமாம்!"

"அதெல்லாம் தெரியாது, கோடு போடுங்க அண்ணே," என்று பேனாவை நீட்டினேன்.

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறை கோடு போடவில்லை. அது என் மகளுடைய அட்டை.

மகளுக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. ஜொகூர் பாருவில் ஒரு தோழியோடு வாடகை வீட்டில் தங்கி, தினமும் பாலம் கடந்து போய்வருகிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்கில் கூட்டமாக இருந்த நேரத்தில் அவளிடமிருந்து அழைப்பு.

"ம்மா, போலீஸ்னு ஒருத்தன் போன் பண்றான். ரெண்டு தடவை வச்சிட்டேன். மூணாவது தடவையும் பண்றான்."

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நான்தான் அவளுக்கு வாரம் ஒரு செய்தி அனுப்புவேன். "வை வை, பேசாதே," என்றேன்.

"ஆனா இவரு காசு எதுவும் கேக்கலைம்மா. உங்க ஊரு பாலாய்க்கே போய் விசாரிச்சுக்கோங்கன்னு சொல்றாரு."

பாலாய் என்றால் எங்களுக்குக் காவல் நிலையம். மதிய இடைவேளையில் நானே போய்க் கேட்டேன். முகப்பில் இருந்த சார்ஜண்ட் எங்கோ பேசிவிட்டு வந்து, என்னை மரியாதையாகப் 'புவான்' என்று அழைத்து, உண்மைதான் என்றார். என் மகளின் பெயரில் யாரோ ஒரு கைப்பேசி எண்ணைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து, இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவதாகச் சொல்லி ஆட்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மகள் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சிகாமட்டிலேயே கொடுக்கலாம். "இப்போதைக்கு சாட்சியாகத்தான் கூப்பிடுகிறார்கள்," என்றார். 'இப்போதைக்கு' என்ற சொல் என்னோடு கிளினிக் வரைக்கும் வந்தது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அவளுக்கு அது.

அன்று மாலையே விசாரணை அதிகாரி அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். கைப்பேசி எண்ணைப் பதிவு செய்யக் கடையில் கொடுத்த அட்டையின் படம். 'இது உங்களுடையதா?' என்று கேட்டிருந்தார். அவள் அதை எனக்கு அனுப்பி, கூடவே குரலில் பேசியிருந்தாள்.

"நல்லாப் பாருங்கம்மா. கோடே இல்லை. நான் எங்கயும் கோடு போடாம குடுத்ததே இல்லை. கீழ் மூலைல மஞ்சளா கறை பாருங்க. அது கறிக் கறை. எங்க வீட்டு கிச்சன் மேசைம்மா. அவதான் தினம் சமைக்கிறா. என் பேக் அங்கதான் கிடக்கும். எனக்கு இப்ப எல்லாம் புரியுது."

'அவ' என்றால் கூடத் தங்கியிருக்கும் தோழி. மூன்று வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். மகளுக்கு டெங்கி வந்தபோது நான் போய்ச் சேரும்வரை கஞ்சி வைத்துக் கொடுத்த பெண்.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். அது கறி இல்லை. மஞ்சள். என் விரல் வைத்த மஞ்சள். படத்தின் ஓரத்தில் அரைவட்டமாகத் தெரிந்தது எங்கள் சாமி மேடையின் பித்தளைத் தட்டு.

தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது எடுத்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டில் வைத்து, மூலையில் மஞ்சள் வைத்து, படம் பிடித்து, துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வெள்ளம் வந்து போன வருடத்திலிருந்து எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாக் காகிதங்களையும் கைப்பேசியில் படமாக வைத்திருக்கிறோம்; அலமாரியோடு பிறப்புச் சான்றிதழும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். பத்திரத்துக்காகத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் அந்தப் படம் அவளுடைய ஜாதகத்தோடும் பயோடேட்டாவோடும் பெக்கோக்கில் வரன் பார்த்துக் கொடுக்கிற கல்யாண அக்காவுக்குப் போய்விட்டது.

கல்யாணப் பேச்சை எடுத்தால் 'என்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்' என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். கேட்கவில்லை. கோடும் போடவில்லை. அதற்கு மட்டும் காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைப்பேசியிலேயே கோடு போட முடியும், விரலைக்கூட வைத்தேன். கோடு அவள் முகத்தின் குறுக்கே போகும். கல்யாணத்துக்கு அனுப்புகிற பெண்ணின் முகத்தைக் கோடு போட்டு யாராவது அடிப்பார்களா? விரலை எடுத்துவிட்டேன்.

மகளுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். 'சனிக்கிழமை வா, பேசலாம். அதுவரைக்கும் அவகிட்ட எதுவும் கேக்காதே' என்று மட்டும் எழுதினேன். 'கேக்காம எப்படிம்மா?' என்று பதில் வந்தது. வாக்குமூலத்தில் தோழியின் பெயரைச் சொல்லத்தான் போகிறேன் என்று அடுத்த வரியில் இருந்தது.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பெக்கோக் போனேன். பயம்தான். ஆனால் வண்டி ஓட்டும்போது பயத்துக்குள்ளேயே இன்னொன்று இருந்தது. அந்தப் படம் என் கையைவிட்டு எங்கெங்கே போனது, யார் யார் வீட்டில் உட்கார்ந்து எழுந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. செம்பனைகளுக்கு நடுவே போகிற சாலையில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் கைப்பேசியிலும் இருக்குமோ என்று யோசித்தேன்.

கல்யாண அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. பிரம்பை விட்டுவிட்டாரே தவிரக் குரலை விடவில்லை.

"வாம்மா, நானே போன் பண்ணணும்னு இருந்தேன். ஈப்போ பையன் வீட்டுல கேட்டாங்க."

"அக்கா, அவளோட ஐசி படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"ஏன், ஜாதகம் பொருந்தலையா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பி, விரலால் தள்ளிக்கொண்டே போனார். மாநிலத்துக்கு ஒரு வாட்ஸப் குழு. சிங்கப்பூர் வேலைக்காரர்களுக்கு ஒன்று. மறுமணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள்.

"இதுல இருக்கிறவங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"அலமாக், எப்படிம்மா தெரியும்? ஒருத்தர் ஒருத்தரைச் சேர்த்துவிடுறதுதானே."

"ஐசி எதுக்குக் கேக்குறீங்க? தேதி, நேரம்தான் ஜாதகத்துல இருக்கே."

"ஜாதகத்துல பொய் சொல்றாங்கம்மா! முப்பத்தஞ்சு வயசு மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பதுன்னு எழுதி, அதுக்கு ஒரு ராசியும் கட்டி எடுத்துட்டு வர்றாங்க. ஐசி நம்பர் பொய் சொல்லாதுல்ல?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை.

"கோடு போட்டு அனுப்பச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ போட்டிருக்கலாமே," என்றார். பிறகு மெதுவாக, "ஒருத்தரும் போட மாட்டாங்கம்மா. நல்ல காரியத்துக்கு அடிச்ச முகத்தை யாரு அனுப்புவா? நானும் கேக்க மாட்டேன்," என்றார். நான் எழுந்தபோது, "நான் ஒண்ணும் விக்கலைம்மா. வெத்தலைத் தட்டுல வச்சதைத்தான் எடுத்துக்கிட்டேன்," என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தத் தட்டு என்னை விடவில்லை. என் தம்பியின் மனைவி ஜொகூர் பாருவில் வழக்கறிஞர். வியாழக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டேன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது என் மகளுக்கு உதவாதா என்று கேட்டேன்.

"அது வியாபாரத்துக்கு அண்ணி. கடை, பேங்க், ஆஸ்பத்திரி, உங்க கிளினிக்கும் சேர்த்து. நம்பரைப் பதிஞ்ச கடைக்காரன் மேல கேள்வி வரும். ஆனா குடும்ப விஷயம், வீட்டு விஷயம்னா அந்தச் சட்டம் உள்ள வராது. கவர்மெண்டுக்கும் பொருந்தாது."

"அப்ப கல்யாணத் தரகு?"

"அவங்க காசு வாங்குறாங்களா?"

"காசுன்னு இல்லைம்மா. தட்டு வைப்போம். வெத்தலை, பாக்கு, பழம், ஒரு கவர்."

அவள் சிரித்துவிட்டாள். "வெத்தலைத் தட்டு வியாபாரமா குடும்பமான்னு இதுவரைக்கும் கோர்ட்ல யாராச்சும் கேட்டிருப்பாங்களான்னே தெரியலை அண்ணி. நான் வேணா முதல் ஆளா கேக்குறேன்."

நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. அப்புறம் நிறையக் கேட்டேன். குழுவில் போட்டவர் பொறுப்பா, குழுவை வைத்திருப்பவர் பொறுப்பா? போலீஸே வாட்ஸப்பில் அட்டையை அனுப்பலாமா? சட்டத்தை மாற்றப்போகிறார்கள் என்றார்களே, மாற்றினார்களா? அவள் பொறுமையாகச் சொன்னாள். சிலவற்றுக்குத் தெரியாது என்றாள். சிலவற்றுக்கு, தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை என்றாள்.

"மாத்தியிருக்காங்க அண்ணி. முன்னாடி ஒரு கம்பெனிகிட்ட இருந்து உங்க விவரம் கசிஞ்சா, உங்ககிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்லை. கமுக்கமா இருந்துடலாம். இப்ப, பெரிய பாதிப்பு வரும்னா அந்த ஆளுக்குச் சொல்லியே ஆகணும், தாமதிக்கக் கூடாதுன்னு வந்துருச்சு. உங்களுக்கு அது பொருந்தாது. நீங்க அம்மா. கம்பெனி இல்லை."

"தெரியுதும்மா."

"பாப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?"

சனிக்கிழமை வருகிறாள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து, படம் வேறெந்த வழியிலாவது போயிருக்குமா என்று என் கைப்பேசியைத் தேடினேன். தேடும்போது வேறொன்று கிடைத்தது. கல்யாண அக்கா எனக்கு அனுப்பிய மாப்பிள்ளைகளின் அட்டைகள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அழிக்காமல் கிடந்தன. பதினேழு. ஒன்றில்கூடக் கோடு இல்லை. இரண்டில் குங்குமம். ஒருவன் பிறந்தது ஜொகூர். ஒருவன் பேராக். மூன்று பேர் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். படித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவதில்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இந்தப் பதினேழு தாய்மார்களும் விரலை வைத்துப் பார்த்து, விரலை எடுத்திருப்பார்கள். ஏமாற்றுக்காரன் எங்கோ இருக்கிறான் என்று பெக்கோக் சாலையெல்லாம் தேடினேன். அவன் கையில் இருந்தது ஒரு முகம். என்னிடம் பதினேழு.

அழிப்பதற்கு முன் தெரிந்த இரண்டு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு அம்மா நன்றி சொன்னார். இன்னொருவர், "ஏங்க அழிக்கிறீங்க? அவனுக்கு இன்னும் அமையலைலா, வச்சிருங்க!" என்றார்.

சனிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் போனேன். என் கணவர் பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய் ஆலையில் வேலை, அங்கேயே தங்கல்; அன்று மதியம்தான் வருவார். அவரிடம் முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். "அவகிட்ட முதல்ல சொல்லியிருக்கணும், என்கிட்ட இல்லை," என்றார். அவ்வளவுதான்.

மகள் வந்து காரில் ஏறினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை.

"பாப்பா, அந்தக் கறை கறி இல்லை. மஞ்சள்."

"என்ன?"

"சாமி மேடைல வச்சு நான்தான் எடுத்தேன். நீ குளிக்கப் போனப்ப. கல்யாண அக்காவுக்கு அனுப்பினேன். உன்கிட்ட கேக்கலை."

அவள் முன்னால் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பிப் போனது.

"நாலு நாளா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நேத்து அவகிட்ட கேட்டுட்டேன்மா. 'என் ஐசியை யாருக்கு வித்தே?'ன்னு கேட்டேன். அழுதுட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

செவ்வாய்க்கிழமை மாலையே நான் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க வேண்டியதில்லை. கசிந்ததைத் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்று ஏன் சட்டத்தில் எழுதினார்கள் என்பது அந்தக் காரில்தான் எனக்குப் புரிந்தது.

அவள் கைப்பேசியை எடுத்துத் தோழிக்கு ஏதோ எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மஞ்சள் வேற வச்சீங்களா?"

"ஒரு பொட்டுதான்."

"ஐசிக்கு மஞ்சள் வச்ச ஒரே அம்மா நீங்கதான்."

இல்லை, இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

காவல் நிலையத்தில் ஒரு மணி நேரம் ஆனது. அவள் தனியாக உள்ளே போனாள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். நான் எடுத்தது, அனுப்பியது, அனுப்பிய நாள், எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜண்ட் தட்டச்சு செய்துகொண்டே, "கல்யாணத்துக்கு ஐசியா?" என்று மலாயில் கேட்டார். வயதை உறுதிசெய்ய என்றேன். "எங்கள் வீட்டில் இதைக்கூடக் கேட்பதில்லை, நல்ல யோசனைதான் புவான்," என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. அந்த எண் துண்டிக்கப்பட்டுவிட்டது. கடையை விசாரிப்பார்கள். என் மகள் மேல் குற்றம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் 'இப்போதைக்கு' என்ற சொல் இந்த முறை வரவில்லை.

கோப்புக்கு அவள் அட்டையின் நகல் வேண்டும் என்றார்கள். மகள் பையிலிருந்து எடுத்த தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே போடுங்க."

நான் எண்களின் மேல் ஒரு கோடு போட்டேன். இரண்டாவதை முகத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் போகிற மாதிரி வளைத்தேன்.

"முகத்து மேல போடுங்கம்மா. அதைத்தானே எடுத்துட்டுப் போனாங்க."

போட்டேன். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே போனது. ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காருக்குத் திரும்பியதும், "அந்த பயோடேட்டாவைக் காட்டுங்க," என்றாள். "எத்தனை பேர் படிச்சாங்கன்னு தெரியலை. நான் மட்டும்தான் படிக்கலை."

தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும், தப்பிருந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு என்று தம்பி மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. கைப்பையில் ஒரு பிரதி மடித்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அவள் மெதுவாகப் படித்தாள். உயரம் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"அஞ்சு மூணா? நான் அஞ்சு ரெண்டும்மா."

"ஒரு இஞ்சுதானே."

"'அமைதியான குணம்.' யாரும்மா இது?"

பேனாவால் உயரத்தைத் திருத்தினாள். 'அமைதியான' என்பதை அடித்தாள். வேறு எதையும் அதன் மேல் எழுதவில்லை. பிறகு தாளை மடியில் வைத்து, மேலிருந்து கீழ்வரை சாய்வாக இரண்டு கோடு இழுத்தாள். என் கிளினிக்கில் நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, சரியான இடைவெளியோடு. நடுவில் மலாயில் எழுதி, தேதி போட்டு, என்னிடம் நீட்டினாள்.

'அம்மாவின் பார்வைக்கு மட்டும்.'

அவள் கைப்பேசி மணி அடித்தது. தோழி. எடுப்பதற்கு முன், "கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களாம்மா?" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, வெயிலில் போய் நின்றேன்.